டீபக்கரின் ரெஜிஸ்டர் காட்சிக்குத் தானியங்கி டெஸ்ட்: எதை எதோடு ஒப்பிடுவது?

#1 புள்ளிமான்

ஒரு எமுலேட்டருக்கு ரிமோட் ஸ்டப் (டீபக்கரின் கேள்விகளுக்குப் பதில் அனுப்பும் பகுதி) எழுதி, அதற்கு மேல் ரெஜிஸ்டர்களை, அதாவது சிபியூவுக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களைக் காட்டும் ஜன்னல் உள்ள சின்ன முகப்பு ஒன்றும் வைத்திருக்கிறோம். உள்ளே ஓடும் டீபக்கர் (புரோகிராமை நிறுத்திப் பிழை தேடும் கருவி) ஜிடிபிதான். சிபியூ வகைகளில் முதலில் எக்ஸ்86-64, பின்னால் ஆர்ம்64, ரிஸ்க்-வி. ஒவ்வொரு முறை புரோகிராம் கோடு மாறும்போதும் ரெஜிஸ்டர்கள் ஒழுங்காகத் தெரிகிறதா என்று ஆள் உட்கார்ந்து பார்ப்பது கட்டுப்படியாகவில்லை.

இப்போது இருக்கும் டெஸ்ட் இதுதான்: சின்ன சி புரோகிராம், மெயினில் பிரேக்பாயிண்ட், நின்றதும் 'இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்'. வரும் அவுட்புட்டை முன்பு சேமித்து வைத்த ஃபைலோடு டிஃப் எடுக்கிறோம். என் மெஷினில் பாஸ், சிஐயில் (தானாக டெஸ்ட் ஓட்டும் மெஷின்களில்) ஃபெயில். ஆர்எஸ்பி (ஸ்டாக் பாயிண்டர்) மதிப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. சில மெஷின்களில் கே0 முதல் கே7 வரை எட்டு வரி எங்கிருந்தோ கூடுதலாக வருகிறது. மாறுகிற வரிகளையெல்லாம் ரெஜெக்ஸ் (எழுத்தைப் பொருத்தும் வடிவம்) போட்டு விட்டுவிட்டால், மிச்சம் சோதிக்க ஒன்றுமே இல்லை.

இதை எல்லாரும் எப்படிச் செய்கிறீர்கள்?

#2 ஏழாம்பிட்

முதலில் மாறுவதற்கான காரணங்கள், சுருக்கமாக.

கே0–கே7 வருவது சிபியூவில் ஏவிஎக்ஸ்-512 (512 பிட் வெக்டர் கட்டளைகள்) இருப்பதால். அவை மாஸ்க் ரெஜிஸ்டர்கள். பொது ரெஜிஸ்டர் பட்டியலின் வாலில் ஜிடிபி அவற்றையும் சேர்த்துக் காட்டும். சிபியூ மாறினால் வரி எண்ணிக்கையே மாறும்.

ஆர்எஸ்பி விஷயத்தில் இரண்டு சங்கதி. முகவரிக் குலைப்பை (ஒவ்வொரு ஓட்டத்திலும் மெமரி முகவரிகளை மாற்றும் ஏற்பாடு) ஜிடிபி தானே அணைத்துவிடும். ஆனால் கன்டெய்னருக்குள் அதற்கான சிஸ்டம் காலுக்குத் தடை இருந்தால் ஒரு எச்சரிக்கையை மட்டும் அச்சிட்டுவிட்டுப் போய்விடும். உங்கள் சிஐ லாக்கில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். அடுத்தது, டீபக் ஆகும் புரோகிராமின் சூழல் மாறிகளில் லைன்ஸ், காலம்ஸ் என்று இரண்டை ஜிடிபி சேர்க்கிறது. சூழல் மாறிகள் இருப்பது ஸ்டாக்கின் உச்சியில். டெர்மினல் அகலம் 99இலிருந்து 100 ஆனால் அந்த ஸ்டிரிங்கில் ஓர் எழுத்து கூடும், ஸ்டாக் பாயிண்டர் கீழே நகரக்கூடும். ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கியதற்காக டெஸ்ட் ஃபெயில் ஆவதெல்லாம் நடக்கிற காரியம்தான்.

ஆனால் இதையெல்லாம் சரிசெய்தாலும் உங்கள் டெஸ்டின் அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கும். அந்தச் சேமித்த ஃபைல் எங்கிருந்து வந்தது? அதே டீபக்கரிடமிருந்து. டீபக்கர் நேற்று சொன்னதையே இன்றும் சொல்கிறதா என்றுதான் பார்க்கிறீர்கள். நேற்றே தப்பாகச் சொல்லியிருந்தால், அதைச் சரிசெய்கிற அன்றைக்குத்தான் டெஸ்ட் ஃபெயில் ஆகும்.

#3 சிவப்புவரி

ஏழாம்பிட் சொல்வது சரி, ஆனால் ஃபைல் ஒப்பீட்டை ஒரேயடியாகத் தூக்கிப்போட வேண்டாம். நான் முகப்புப் பக்கம் வேலை பார்ப்பவன். பயனர் பார்ப்பது மதிப்பை அல்ல, எழுத்தை. மதிப்பு சரியாக இருந்து காட்சி கெட்டுப்போன பக்குகளை நிறையவே பார்த்திருக்கிறேன்: நெகட்டிவ் எண் நிரலை விட்டு வெளியே போவது, ஆர்ஐபிக்கு (அடுத்து ஓடவேண்டிய கட்டளையின் முகவரி) பக்கத்தில் வரவேண்டிய 'மெயின்+4' காணாமல் போவது, மாறாத ரெஜிஸ்டர் சிவப்பாகத் தெரிவது. இவற்றை மதிப்பு டெஸ்ட் எதுவும் பிடிக்காது.

#4 ஏழாம்பிட்

> பயனர் பார்ப்பது மதிப்பை அல்ல, எழுத்தை

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இரண்டையும் பிரிக்கச் சொல்கிறேன். மதிப்பு சரியா என்பது ஒரு கேள்வி, அதை எழுத்தாக்கிய விதம் சரியா என்பது வேறு கேள்வி. புள்ளிமானின் டெஸ்ட் இரண்டையும் ஒரே டிஃப்பில் கேட்கிறது, அதனால் இரண்டுக்குமே பதில் கிடைப்பதில்லை.

மதிப்புக்கு: உண்மை எது என்பதை டீபக்கர் சொல்லக்கூடாது, டீபக் ஆகும் புரோகிராம் சொல்ல வேண்டும். சி வேண்டாம், அசெம்பிளியில் எழுதுங்கள். ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணை ஏற்றிவிட்டு உடனே இன்ட்3 (புரோகிராமை நிறுத்தி டீபக்கரிடம் விடும் ஒரு பைட் கட்டளை) போடுங்கள். சி வரியில் பிரேக்பாயிண்ட் வைத்தால் அதற்கு முன்னால் கம்பைலர் எந்த ரெஜிஸ்டரை எதற்குப் பயன்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. இன்ட்3 என்றால் ஏற்றிய அடுத்த கணமே நின்றுவிடும். ஆர்ஐபி மட்டும் அந்த ஒரு பைட்டைத் தாண்டி நிற்கும், அதையும் கணக்கில் வைத்துச் சரிபார்க்கலாம்.

இன்னொரு டீபக்கரான எல்எல்டிபியின் ரெஜிஸ்டர் டெஸ்ட்கள் இந்த வழியில்தான் போகின்றன. தெரிந்த மதிப்புகளை ஏற்றிவிட்டு நிற்கும் புரோகிராம், அதன் மேல் 'ரெஜிஸ்டர் ரீட்', வரும் எழுத்தை ஃபைல்செக் என்ற ஒப்பீட்டுக் கருவி பார்க்கும். வரிகள் எந்த வரிசையில் வந்தாலும் ஏற்கும்படி எழுதியிருப்பார்கள், நடுவில் கூடுதல் வரி வந்தாலும் கவலையில்லை. உங்கள் கே0 பிரச்சினை அங்கேயே தீர்ந்துபோகும்.

டீபக்கரிலிருந்து ரெஜிஸ்டருக்கு எழுதுவதற்கு இதையே திருப்பிப் போடுங்கள். டீபக்கர் எழுத வேண்டும், பிறகு புரோகிராம் ஓடி, தன் ரெஜிஸ்டரில் இருப்பதைத் தானே அச்சிட வேண்டும். நிறைய பேர் டீபக்கரில் எழுதிவிட்டு டீபக்கரிலேயே படித்துப் பார்த்து, சரி என்று முடித்துவிடுகிறார்கள். எழுதும் கோடும் படிக்கும் கோடும் ஒரே தப்பான ஆஃப்செட்டைப் பயன்படுத்தினால் எழுதியது அப்படியே திரும்பி வரும், உண்மையான ரெஜிஸ்டரைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். திருடனையே சாட்சிக்குக் கூப்பிடுகிற கதை.

#5 புதுவரவு

இடையில் ஒரு சின்னக் கேள்வி. என்ன எண்ணை ஏற்றுவது? ஆர்ஏஎக்ஸில் 1, ஆர்பிஎக்ஸில் 2 என்று போட்டால் போதாதா?

#6 கோர்டம்ப்

போதாது. 64 பிட்டில் 1 ஏற்றினால் மீதி ஏழு பைட்டும் பூஜ்யம். மேல் 32 பிட்டை டீபக்கர் விட்டுவிட்டாலும் விடை 1தான். பூஜ்யம் இன்னும் மோசம், படிக்கவே படிக்காத ரெஜிஸ்டரும் பூஜ்யமாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு பைட்டும் வேறாக இருக்கும் எண்ணாகப் பாருங்கள், ஹெக்ஸில் 0102030405060708 மாதிரி. பைட் வரிசை புரண்டால் 08 முன்னால் வரும். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் இடம் மாறினால் 05 முதலில் வரும். ஃபெயில் ஆன மதிப்பைப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். அடுத்த ரெஜிஸ்டருக்கு 1112131415161718 என்று போய்க்கொண்டே இருங்கள். எல்லா ரெஜிஸ்டரிலும் ஒரே எண்ணைப் போட்டால் ஆர்8க்குப் பதில் ஆர்9ஐக் காட்டினாலும் டெஸ்ட் பாஸ்.

இதோடு உச்ச பிட் 1 ஆக இருக்கும் எண் ஒன்றையாவது சேருங்கள். ஜிடிபி பொது ரெஜிஸ்டர்களை ஹெக்ஸிலும் குறியுள்ள தசமத்திலும் காட்டுகிறது. 64 பிட்டும் 1 என்றால் தசம நிரலில் -1 வர வேண்டும்.

புள்ளிமான், உங்கள் ஸ்டப்புக்கு இது நேரடியாகவே உதவும். ரிமோட் புரோட்டோகாலில் 'ஜி' பாக்கெட்டுக்கு (எல்லா ரெஜிஸ்டரையும் கேட்கும் செய்தி) வரும் பதிலில் ரெஜிஸ்டர்கள் இலக்கு மெஷினின் பைட் வரிசையில் போகும். ஆர்ஏஎக்ஸில் மேலே சொன்ன எண் இருந்தால் கம்பியில் போக வேண்டியது 0807060504030201.

#7 புள்ளிமான்

அசெம்பிளி ஃபைல் எழுதிவிட்டேன். பொது ரெஜிஸ்டர்கள் எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி பாஸ். ஆர்எஸ்பியில் மட்டும் கை வைக்கவில்லை. புரோகிராமே அதை ஒரு மெமரி இடத்தில் எழுதி வைக்கிறது, டீபக்கர் காட்டுவதை அதோடு ஒப்பிடுகிறேன்.

இப்போது மாட்டியிருப்பது ஒய்எம்எம், அதாவது ஏவிஎக்ஸின் 256 பிட் வெக்டர் ரெஜிஸ்டர்கள். சிஐயில் எல்லா மெஷினிலும் ஏவிஎக்ஸ் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஏவிஎக்ஸ்-512 சுத்தமாக இல்லை. இல்லாத இடத்தில் டெஸ்டைத் தாண்டிவிடுவதுதான் வழியா?

#8 கோர்டம்ப்

தாண்டலாம், ஆனால் தாண்டியது கண்ணில் படுகிற மாதிரி. ஜிடிபியின் டெஸ்ட் தொகுப்பு டெஜாக்னு என்ற டெஸ்ட் கருவியின் மேல் ஓடுவது. அதில் பாஸ், ஃபெயில் தவிர 'அன்சப்போர்ட்டட்', 'அன்டெஸ்டட்' என்றும் முடிவுகள் உண்டு, கடைசிக் கணக்கில் தனியாக வரும். உங்களுடையது வெறும் 'இல்லையென்றால் ரிட்டர்ன்' என்று இருந்தால், ஏவிஎக்ஸ்-512 டெஸ்ட் ஒருமுறைகூட ஓடாமலே வருடக்கணக்கில் பாஸ் என்று காட்டிக்கொண்டிருக்கும்.

அதைவிட நல்ல வழி, சிபியூவையே நம்பாமல் இருப்பது. இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, போலி ஸ்டப்: எந்தப் பாக்கெட்டுக்கு என்ன பதில் என்று எழுதி வைத்த சின்ன சர்வர். டார்கெட் விவரக் கோப்பில் ஏவிஎக்ஸ்-512 ரெஜிஸ்டர்கள் உண்டு என்று அது சொன்னால் டீபக்கர் நம்பிவிடும். எல்எல்டிபியிலும் இப்படிப் போலி சர்வர் வைத்து ஓடும் டெஸ்ட்கள் உண்டு. இன்னொன்று கோர் ஃபைல் (நின்றுபோன புரோகிராமின் மெமரி, ரெஜிஸ்டர் நகல்): ரெஜிஸ்டர் நோட் உள்ள ஒரு கோர் ஃபைலை நீங்களே பைட் பைட்டாகக் கட்டிக் கொடுக்கலாம்.

கோர் ஃபைல் வழியை நான் விரும்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒய்எம்எம் ரெஜிஸ்டர் மெமரியில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எக்ஸ்சேவ் அமைப்பில் (ரெஜிஸ்டர்களை மெமரியில் சேமிக்கும் வடிவம்) முதல் 512 பைட் பழைய பகுதி, கீழ் 128 பிட் அங்கே. அடுத்த 64 பைட் தலைப்பு. மேல் 128 பிட்கள் வழக்கமான வடிவத்தில் 576ஆவது பைட்டில் தொடங்கும். டீபக்கர் இரண்டையும் ஒட்டித்தான் ஒய்எம்எம்0 என்று காட்டுகிறது. தலைப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிட் இருக்கிறது. அது 0 என்றால் அந்தப் பகுதி ஆரம்ப நிலையில் இருக்கிறது, அதாவது மேல்பாதி பூஜ்யம் என்று பொருள். அந்த இடத்து மெமரியில் பழைய குப்பை கிடக்கலாம். பிட்டைப் பார்க்காமல் குப்பையை எடுத்துக் காட்டும் டீபக்கர், முக்கால்வாசி நேரம் சரியாகத்தான் தெரியும். ஓடும் சிபியூவில் இந்த நிலையை வேண்டும்போது வரவழைப்பது கஷ்டம். கோர் ஃபைலில் பிட்டை 0 ஆக்கி, மேல்பாதியில் வேண்டுமென்றே ஏதாவது எண்ணைத் திணித்துவிட்டால் முடிந்தது. காட்சியில் பூஜ்யம் வராவிட்டால் பக்.

எழுதும் பக்கமும் இதேதான். மேல்பாதியில் மதிப்பை எழுதிவிட்டு அந்தப் பிட்டை 1 ஆக்க மறந்தால் எழுதியது போய்ச் சேராது.

#9 சிவப்புவரி

எழுத்துப் பக்கத்தை யாரும் தொடவில்லை, நானே சொல்கிறேன்.

ஈஃப்ளாக்ஸை, அதாவது கொடி பிட்கள் இருக்கும் ரெஜிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்ஸில் 246 என்றால் பிட் 1, 2, 6, 9 எரிகின்றன. பிட் 1 எப்போதும் 1, அதற்குப் பெயர் கிடையாது. ஆகவே ஜிடிபி சதுர அடைப்புக்குள் பிஎஃப், இஸட்எஃப், ஐஎஃப் என்று மூன்று பெயரைக் காட்டும். இதற்கு எதிர்பார்ப்பு எழுதும்போது டிக்கிளில் (ஜிடிபி டெஸ்ட்கள் எழுதும் மொழி) ஒரு வேடிக்கை: சதுர அடைப்பு ரெஜெக்ஸுக்கும் சிறப்புக் குறி, டிக்கிளுக்கும் சிறப்புக் குறி. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பின்சாய்வுக்கோடு போட வேண்டும். ஒன்றை விட்டால் சில சமயம் எர்ரர் வராது, எதை வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளும் ரெஜெக்ஸ் ஆகிவிடும். அதுதான் ஆபத்து.

அந்த 246ஐ எப்படி வரவழைப்பது என்பதிலும் கவனம். நிறைய பேர் ரெஜிஸ்டரை அதனோடே எக்ஸ்ஓஆர் செய்வார்கள். எக்ஸ்ஓஆருக்குப் பிறகு ஏஎஃப் கொடி என்ன ஆகும் என்று இன்டெல் கையேடு வரையறுக்கவில்லை. ஆர்ஏஎக்ஸை அதனோடே சிஎம்பி செய்யுங்கள், ஆறு நிலைக் கொடிகளும் வரையறுத்தபடி வரும்.

ரெஜெக்ஸில் இன்னொன்று. முடிவை நங்கூரமிடாமல் எழுதினால் '1' என்ற எதிர்பார்ப்பு 10க்கும் பொருந்தும், 1000க்கும் பொருந்தும். வரி முடிவு வரை எழுதுங்கள், அதற்கப்புறம் வரும் ப்ராம்ப்ட்டையும் சேர்த்துப் பொருத்துங்கள். ப்ராம்ப்ட் வரும் வரை காத்திருக்காவிட்டால் பாதி அவுட்புட்டிலேயே பொருத்தம் நடந்து, மிச்சப் பாதி அடுத்த கட்டளையின் பதிலில் போய்ச் சேரும். இந்த மாதிரி ரேஸ்களைக் கிளப்பிவிடவே ஜிடிபியில் 'செக்-ரீட்1' என்று ஒரு மேக் இலக்கு இருக்கிறது. அவுட்புட்டை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகப் படிக்க வைக்கும். உங்கள் டெஸ்டையும் அப்படி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பேஜரை அணைப்பது, அகலத்தை 0 ஆக்குவது எல்லாருக்கும் தெரிந்ததே. 2019இல் வந்த 8.3 பதிப்பிலிருந்து ஜிடிபி டெர்மினலில் வண்ணமும் போடுகிறது, அதையும் அணையுங்கள்.

வெக்டர் ரெஜிஸ்டரின் முழு எழுத்தை மட்டும் அப்படியே ஒப்பிடாதீர்கள். எக்ஸ்எம்எம்0ஐ அச்சிட்டால் ஃப்ளோட்டாக, டபுளாக, 8 பிட் முழு எண்ணாக என்று ஒரே பைட்களைப் பல வடிவில் காட்டும். முன்பு நாலு ஃப்ளோட் வடிவம்தான் முதலில் வரும். பிறகு அதற்கும் முன்னால் பிஃப்ளோட்16 வடிவம் வந்து உட்கார்ந்தது. முழு எழுத்தை நம்பிய டெஸ்ட் எல்லாம் அன்றைக்கு அவுட். வேண்டிய புலத்தை மட்டும் கேளுங்கள்.

#10 புள்ளிமான்

கோர் ஃபைல் வழியில் போனேன், எங்கள் முகப்பில் ஒரு பக் உடனே மாட்டியது. நீங்கள் சொன்ன பிட்டை அது பார்ப்பதே இல்லை. திணித்த எண் அப்படியே ஒய்எம்எம்0இன் மேல்பாதியில் வந்து நின்றது.

அடுத்து எக்ஸ்87, அதாவது பழைய ஃப்ளோட்டிங் பாயிண்ட் பகுதி. எட்டு எஸ்டி ரெஜிஸ்டர்களிலும் வெவ்வேறு மதிப்பு ஏற்றிச் சோதித்தேன், டேக் வேர்ட் (எந்த ரெஜிஸ்டரில் என்ன வகை மதிப்பு என்ற குறிப்பு) உட்பட எல்லாம் பாஸ். இதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாமா?

#11 ஏழாம்பிட்

கூடாது. எட்டையும் நிரப்பியதுதான் பிரச்சினை.

எஸ்டி0 என்பது நிலையான ரெஜிஸ்டர் இல்லை. டாப் என்ற மூன்று பிட் புலம் எந்த நிஜ ரெஜிஸ்டரைக் காட்டுகிறதோ அதுதான் எஸ்டி0. எஃப்எக்ஸ்சேவ் (இவற்றை மெமரியில் சேமிக்கும் கட்டளை) செய்யும்போது மதிப்புகள் ஸ்டாக் வரிசையில் சேமிக்கப்படும், ஆனால் டேக் பிட்கள் நிஜ ரெஜிஸ்டர் வரிசையில். ஒரே அமைப்புக்குள் இரண்டு வரிசை. அதிலும் டேக் சுருக்கப்பட்டது: ரெஜிஸ்டருக்கு ஒரு பிட், காலியா இல்லையா என்பது மட்டும். பழைய 16 பிட் டேக் வேர்டைக் காட்ட வேண்டுமென்றால் டீபக்கர் ஒவ்வொரு மதிப்பையும் பார்த்து, சாதாரண எண்ணா, பூஜ்யமா, சிறப்பு வகையா என்று தானே கணக்கிட வேண்டும். எஸ்டி வரிசையையும் நிஜ வரிசையையும் குழப்பிக்கொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது.

எட்டு முறை புஷ் செய்தால் டாப் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி 0க்கு வந்துவிடும். அப்போது இரண்டு வரிசையும் ஒன்றுதான், குழப்பிக்கொண்ட கோடும் பாஸ் ஆகும். மூன்று மட்டும் புஷ் செய்யுங்கள்: 1.0, 0.0, ஒரு முடிவிலி. டாப் 5 ஆகும், நிரம்பியவை நிஜ ரெஜிஸ்டர் 5, 6, 7. சுருக்க டேக்கில் மேல் மூன்று பிட் எரிய வேண்டும். கீழ் மூன்று எரிந்தாலோ, முழு டேக் வேர்டில் பூஜ்யமும் முடிவிலியும் இடம் மாறி வந்தாலோ பக்.

அப்புறம் எம்எம்எக்ஸ், எக்ஸ்87 ரெஜிஸ்டர்களையே பகிர்ந்துகொள்ளும் முழு எண் ரெஜிஸ்டர்கள். எம்எம்0 என்பது நிஜ ரெஜிஸ்டர் 0இன் கீழ் 64 பிட். அதில் எழுதினால் மேலே உள்ள 16 பிட்டும் 1 ஆகிவிடும், டாப் 0 ஆகும். ஆக எம்எம்0இல் அழகான முழு எண் இருக்கும்போது எஸ்டி0 அர்த்தமில்லாத ஃப்ளோட்டாகத் தெரிவதுதான் சரியான காட்சி. இதைப் பக் என்று புகார் கொடுப்பவர்கள் உண்டு. டெஸ்டில் பக்கத்திலேயே ஒரு வரி கமென்ட் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் 'திருத்திவிடுவார்'.

#12 சிவப்புவரி

மாறிய ரெஜிஸ்டரைச் சிவப்பாக்கும் வேலைக்கும் டெஸ்ட் உண்டுதானே? ஜிடிபியின் எம்ஐ இடைமுகத்தில் (முகப்புகள் ஜிடிபியோடு பேசும் வழி) மாறியவற்றின் எண்களை மட்டும் கேட்கும் கட்டளை இருக்கிறது. ஆர்ஏஎக்ஸை மட்டும் மாற்றும் ஒரு கட்டளையைத் தாண்டிவிட்டுக் கேளுங்கள். ஒரே ஒரு எண் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆர்ஐபி நிச்சயம் மாறியிருக்கும். ஆர்ஏஎக்ஸின் துண்டுகளான ஈஏஎக்ஸ், ஏஎக்ஸ், ஏஎல் போன்றவையும் தனி ரெஜிஸ்டர்களாகப் பட்டியலில் இருப்பதால் அவையும் சேரலாம். எண்ணிலிருந்து பெயருக்குப் போகும்போது, பெயர்ப் பட்டியலில் நடுநடுவே காலி ஸ்டிரிங் வரும், எண்கள் தப்பாமல் இருக்கவே அப்படி. காலியை வடிகட்டிவிட்டு எண்ணினால் அதற்குப் பிறகு எல்லாப் பெயரும் ஓரிடம் தள்ளிப்போகும்.

#13 புதுவரவு

தெரியாத மதிப்பு என்றால் என்ன காட்ட வேண்டும்? எங்கள் பழைய கருவி ஒன்று 0 என்று காட்டும்.

#14 கோர்டம்ப்

0 என்பது ஒரு மதிப்பு. தெரியாது என்பதற்கு அதைப் போடக்கூடாது. 'ஜி' பதிலில் ஒரு ரெஜிஸ்டரின் ஹெக்ஸ் இலக்கங்களுக்குப் பதிலாக 'எக்ஸ்' எழுத்தே வரிசையாக வந்தால் அது கிடைக்கவில்லை என்று பொருள். ஜிடிபி அங்கே 'அன்அவைலபிள்' என்று கோண அடைப்புக்குள் காட்டும். மேல் ஃப்ரேமுக்கு (அழைத்த ஃபங்ஷனுக்கு) போகும்போது, அந்த ரெஜிஸ்டரின் பழைய மதிப்பு சேமிக்கப்படவில்லை என்று அன்வைண்ட் தகவல் சொன்னால் 'நாட் சேவ்ட்'. போலி ஸ்டப் இருந்தால் முதலாவதைச் சோதிக்க ஒரே வரி போதும்.

#15 புள்ளிமான்

மூன்று புஷ் டெஸ்ட் பாஸ், எம்எம்எக்ஸும் பாஸ், கமென்ட் எழுதியாகிவிட்டது. சேமித்த ஃபைல் ஒப்பீட்டை எடுத்துவிட்டு, எழுத்து டெஸ்ட்களைப் போலி ஸ்டப் மேல் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மதிப்பு என் கையில் இருப்பதால் எழுத்து எழுத்தாக ஒப்பிட முடிகிறது.

அடுத்து ஆர்ம்64, ரிஸ்க்-வி. அசெம்பிளியை மட்டும் மாற்றினால் போதுமா?

#16 ஏழாம்பிட்

ஆர்ம்64இல் பிஆர்கே (அங்கே இன்ட்3 மாதிரி) கட்டளையில் நின்றால் பிசி (அங்கே ஆர்ஐபி மாதிரி) அதைத் தாண்டாது, அதன் மேலேயே நிற்கும். எதிர்பார்க்கும் பிசி மதிப்பை மாற்றுங்கள். தொடர்ந்து ஓட விடுவதானால் பிசியில் 4 கூட்ட வேண்டியிருக்கும். எஸ்விஇ வெக்டர் ரெஜிஸ்டர்களின் அகலம் 128இலிருந்து 2048 பிட் வரை மெஷினுக்கு மெஷின் மாறலாம், ஓடும்போதே லினக்ஸில் மாற்றவும் முடியும். ஆகவே அகலத்தை டெஸ்டில் எண்ணாக எழுதி வைக்காதீர்கள். விஜி ரெஜிஸ்டரைப் படித்து 64ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கியூஎமு எமுலேட்டரில் அதிகபட்ச அகலத்தை மாற்றி மாற்றி ஓட்டலாம். நடுவில் அகலத்தை மாற்றிவிட்டு மறுபடி நிற்கும் டெஸ்ட் ஒன்றும் வையுங்கள். முதல் முறை நின்றபோது கிடைத்த அகலத்தையே டீபக்கர் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

ரிஸ்க்-வியில் எக்ஸ்0 எப்போதும் பூஜ்யம். அதனால் லினக்ஸின் பிட்ரேஸ் (டீபக்கர் இன்னொரு புரோகிராமைப் படிக்கும் சிஸ்டம் கால்) ரெஜிஸ்டர் அமைப்பில் அதற்கு இடமே கொடுக்கவில்லை, முதல் இடத்தில் பிசி உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்1இலிருந்து மீதியெல்லாம் தன் தன் எண்ணில். 0 முதல் 31 வரை லூப் போட்டு நகல் எடுத்தால் முப்பத்தோரு ரெஜிஸ்டர் சரியாக வரும், 'ஜீரோ' என்ற பெயருக்கு எதிரே ஒரு முகவரி நிற்கும். எக்ஸ்0 எப்படியும் பூஜ்யம்தானே என்று அதற்கு டெஸ்ட் எழுதாமல் விடுவதுதான் வழக்கம். எழுதுங்கள்.

#17 புள்ளிமான்

இப்போதே ஓட்டிப் பார்த்தேன். 'ஜீரோ' வரியில் முகவரிதான் நிற்கிறது.